அதே கால்கள், இரண்டு தீர்ப்புகள்: டக்ளஸ் பேடரும் ‘ரீச் ஃபார் த ஸ்கை’ படமும்

1932 கோடையில், இரண்டு கால்களையும் இழந்த 22 வயது இளைஞர் ஒருவர் பிரிட்டனில் ஆவ்ரோ 504 விமானத்தை ஓட்டிக் காட்டினார். நன்றாகவே ஓட்டினார். மருத்துவப் பரிசோதனையிலும் தேறினார். அப்படியும் 1933 ஏப்ரலில் விமானப்படை அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அரசரின் ஒழுங்குவிதிகளில் இப்படி ஒருவருக்கு இடமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கால் இல்லாதவர் பறக்கக் கூடாது என்று விதி எதுவும் இருக்கவில்லை. அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று விதி எழுதியவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1939 கடைசியில் அதே விமானப்படை அதே ஆளை உலோகக் கால்களோடு திரும்பச் சேர்த்துக்கொண்டது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் வெட்டிய கால் வளர்ந்துவிடவில்லை. போர் வந்திருந்தது, பழகிய விமானிகள் தேவைப்பட்டார்கள்.

டக்ளஸ் பேடரின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். 1956இல் லூயிஸ் கில்பர்ட் இயக்கத்தில் வந்த ‘ரீச் ஃபார் த ஸ்கை’ அந்த வாழ்க்கையைச் சொல்லும் படம். அந்த ஆண்டு பிரிட்டனில் அதிக மக்கள் பார்த்த படம் அதுதான். சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. பேடராக நடித்த கென்னத் மோர் அதற்குப் பிறகு பெரிய நட்சத்திரமாகிவிட்டார். ‘மனவுறுதி இருந்தால் எதுவும் முடியும்’ என்பதற்கு உதாரணமாக இந்தப் படத்தைச் சொல்வது வழக்கம். நான் பார்த்தவரை படம் அதைவிடக் கூடுதலான விஷயங்களைக் காட்டுகிறது. காட்டிவிட்டு, அவற்றின் பொருளை நின்று யோசிக்காமல் நகர்ந்துவிடுகிறது. அதனால் படத்தையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விழுந்த நாள்

பேடர் 1910இல் லண்டனில் பிறந்தவர். கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் படித்து, 1930இல் அதிகாரியாகி, கென்லியில் இருந்த 23ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவில் சேர்ந்தார். ரக்பி, கிரிக்கெட், குத்துச்சண்டை எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். 1931 ஹெண்டன் விமானக் காட்சியில் கேம்காக் விமானத்தில் சாகசம் செய்து கைதட்டல் வாங்கியவர். பிறகு அந்த ஸ்குவாட்ரனுக்கு பிரிஸ்டல் புல்டாக் விமானங்கள் வந்தன. வேகம் அதிகம், எடையும் அதிகம். ஸ்லோ ரோல், அதாவது பறந்தபடியே மெதுவாக ஒரு முழுச் சுற்று உருளும் சாகசம், செய்யும்போது உயரத்தை இழக்கும். தாழ்வாகச் சாகசம் செய்யாதீர்கள் என்று மேலதிகாரி ஹாரி டே எச்சரித்திருந்தார்.

1931 டிசம்பர் 14 அன்று ரெடிங் நகருக்குப் பக்கத்தில் உள்ள உட்லி விமானத்தளத்துக்கு பேடர் போயிருந்தார். அங்கிருந்த இளைஞர்கள் ஒரு சாகசம் செய்து காட்டும்படி கேட்டார்கள். முதலில் மறுத்தார். பயமா என்ற தொனியில் பேச்சு வந்ததும் ஏறிவிட்டார். ஓடுதளத்தை ஒட்டி மிகத் தாழ்வாக ஒரு ஸ்லோ ரோல். விமானம் தலைகீழாகி நிமிரும்போது இடது இறக்கையின் நுனி தரையில் தட்டியது. அடுத்த நொடி எல்லாம் நொறுங்கிப் போனது. பின்னாளில் தன் பறப்புக் குறிப்பேட்டில் இதை அவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: தரைக்கு அருகே ஸ்லோ ரோல் செய்யும்போது விழுந்தது, மோசமான ஆட்டம்.

படம் இந்த இடத்தில் அவருக்குச் சலுகை காட்டவில்லை. தானே தேடிக்கொண்ட விபத்து என்பது தெளிவாகத் தெரிகிறது. 1956இல் ஒரு தேசிய வீரனைப் பற்றிய படம் இந்த அளவு நேர்மையாக ஆரம்பித்தது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

ராயல் பெர்க்ஷயர் மருத்துவமனையில் லெனார்ட் ஜாய்ஸ் என்ற அறுவை மருத்துவர் முதலில் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார். சில நாளில் இடது காலும் கெட ஆரம்பித்தது. அதை முழங்காலுக்குக் கீழே எடுத்தார். இந்தக் கட்டத்தில் படத்தில் ஒரு காட்சி வருகிறது. மயக்கமும் விழிப்புமாகக் கிடக்கிறார் பேடர். வலி விட்டுப்போய் எல்லாம் இதமாக இருக்கிறது. வெளியே நடைவழியில் யாரோ சத்தம் போட, உள்ளே ஒரு பையன் செத்துக்கொண்டிருக்கிறான், சத்தம் போடாதீர்கள் என்று ஒரு செவிலியின் குரல் அதட்டுகிறது. அந்தச் சொல் காதில் விழுந்ததும்தான் அவர் விழித்துக்கொள்கிறார், வலியும் திரும்பி வருகிறது. பிழைப்பது என்றால் வலிக்குத் திரும்புவது. கென்னத் மோர் இதை முகத்தாலேயே செய்துவிடுகிறார்.

ரோஹாம்ப்டன்

படத்தின் உயிர் எனக்கு இந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. லண்டனின் தென்மேற்கில் உள்ள ரோஹாம்ப்டன் மருத்துவமனை 1915இல் முதல் உலகப்போரில் கைகால் இழந்தவர்களுக்காகத் தொடங்கியது. அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் மட்டும் ஏறக்குறைய 41,000 பேர் கையையோ காலையோ இழந்தார்கள். பேடர் போய்ச் சேரும்போது அங்கே கிட்டத்தட்ட பதினேழு ஆண்டு அனுபவம் சேர்ந்திருந்தது. அளவெடுப்பவர், பொருத்துபவர், நடக்கப் பழக்குபவர் என்று கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். அவருக்குக் கால் செய்தது டெசூட்டர் சகோதரர்களின் நிறுவனம்.

அந்த நிறுவனத்தின் கதையை அவசியம் சொல்ல வேண்டும். மார்செல் டெசூட்டர் ஒரு விமானி. 1913இல் ஹெண்டனில் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தார். கிடைத்த மரக்கால் பாரமாக இருந்தது. அவருடைய தம்பி சார்லஸ் டியூராலுமின் என்ற கலப்பு உலோகத்தில் இலேசான கால் ஒன்றைச் செய்து கொடுத்தார். அப்போது வான்கப்பல்களின் சட்டகங்களுக்குப் பயன்பட்டுவந்த உலோகம் அது. மார்செல் அந்தக் காலோடு மறுபடி பறந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் நிறுவனம். ஆக, பேடர் மாட்டிக்கொண்ட கால் பறக்கும் தொழிலிலிருந்தே வந்தது. அதைச் செய்யத் தூண்டியவரும் கால் இழந்த ஒரு விமானிதான்.

இரண்டு காலும் ஒரே மாதிரி போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடதுபக்கம் சொந்த முழங்கால் மிஞ்சியிருந்தது. அந்தக் காலால் படியேறலாம், பெடலை அழுத்தலாம். வலதுபக்கம் முழங்காலே இயந்திரம். இடுப்பிலிருந்து வீசி முன்னால் கொண்டுபோக வேண்டும். சரியான நொடியில் நிமிராவிட்டால் மடங்கி ஆளைத் தள்ளிவிடும். கணுக்காலில் உணர்வு கிடையாது, ஆகவே தரை சரிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தழும்பு தேய்ந்து புண்ணாகாமல் இருக்கக் கம்பளி உறை, அதற்கு மேல் உலோகக் குழி, மேலே இழுத்துக் கட்டும் வார்கள். படத்தில் மோர் முதல் தடவை எழுந்து நிற்கும் காட்சியை இதெல்லாம் தெரிந்துகொண்டு பாருங்கள். வலதுபக்கம் எடை மாறும்போது அவர் தோள் எப்படி இறுகுகிறது என்பது கண்ணில் படும். கைத்தடி இல்லாமல் உங்களால் நடக்க முடியாது என்கிறார்கள். கைத்தடியோடு நடக்கவே மாட்டேன் என்கிறார் அவர். விழுகிறார், எழுகிறார், மறுபடி விழுகிறார். கடைசிவரை கைத்தடியைத் தொடவில்லை என்பது நிஜத்திலும் உண்மை.

ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. அதே ரோஹாம்ப்டன் கூடத்தில் நடந்து பழகிய ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கும் மனவுறுதி இருந்திருக்கும். பேடருக்கு வேறு சிலவும் இருந்தன. அதிகாரி என்ற தகுதி இருந்தது. நல்ல கால்கள் கிடைத்தன. விமானத்துறையின் துணை அமைச்சர் பிலிப் சசூன் தன் வீட்டுக்கு அழைத்து, 1932இல் அந்த ஆவ்ரோ விமானத்தில் ஏற வழிசெய்தார். இதைச் சொல்வதால் பேடர் பட்ட பாடு குறைந்துவிடாது. அந்தப் பாட்டுக்குப் பலன் கிடைக்க எத்தனை கதவுகள் திறக்க வேண்டியிருந்தது என்பது தெரியும்.

அத்தனை இருந்தும் 1933இல் கதவு சாத்தப்பட்டது. அதன்பின் ஏஷியாட்டிக் பெட்ரோலியம் நிறுவனத்தில், அதாவது ஷெல்லின் கிளையில், மேசை வேலை. அந்த அக்டோபரிலேயே தெல்மா எட்வர்ட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். கோல்ஃப் பழகினார். படத்தில் தெல்மாவாக வரும் முரியல் பாவ்லோவுக்குப் பெரிய வேலை கொடுக்கவில்லை. காத்திருக்கும் மனைவி, அவ்வளவே. பறக்க வழியில்லாத, கோபக்காரரான, வலியோடு இருக்கும் ஒரு மனிதரோடு அந்தப் பெண் கழித்த ஆறு ஆண்டுகளைப் படம் சில நிமிடங்களில் தாண்டிவிடுவது எனக்குக் குறைதான்.

பிரேக் எங்கே இருக்கிறது

1939 அக்டோபரில் அப்பேவனில் உள்ள மத்தியப் பறப்புப் பள்ளிக்குச் சோதனைக்கு வரச்சொன்னார்கள். சோதிக்க வந்தவர் ரூபர்ட் லீ, கிரான்வெல் காலத்து நண்பர். விமானம் ஹார்வர்ட், அமெரிக்கத் தயாரிப்பு. அதில் சக்கர பிரேக்கைப் பாதத்தின் முன்பகுதியால் அழுத்த வேண்டும். உலோகப் பாதத்தால் அது முடியாது. பேடர் திகைத்தார். பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், ஸ்பிட்ஃபயரிலும் ஹரிகேனிலும் இந்த ஏற்பாடே கிடையாது என்று லீ சொல்லிவிட்டார்.

லீ சொன்னது சரி. அந்த இரண்டு பிரிட்டிஷ் போர்விமானங்களிலும் பிரேக், விமானி கையில் பிடித்திருக்கும் பிடியிலேயே சைக்கிள் பிரேக் போல ஒரு கைப்பிடியாக இருந்தது. அழுத்தக் காற்றால் இயங்கும். எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்பதைச் சுக்கான் பெடலின் நிலை தீர்மானிக்கும். பெடலை முன்னும் பின்னும் தள்ள இடது முழங்காலும் வலது இடுப்பும் போதும். கணுக்கால் தேவையே இல்லை. பேடருக்காக யாரும் இதை வடிவமைக்கவில்லை, பிரிட்டனில் வழக்கமே அப்படித்தான். ஹார்வர்டில் அவர் தகுதியற்றவர். ஸ்பிட்ஃபயரில் மற்றவர்களுக்குச் சமமானவர். உடம்பு ஒன்றுதான், பிரேக் இருக்கும் இடம் மட்டும் வேறு. அமெரிக்கப் படையின் விமானங்களே வாய்த்திருந்தால் இந்த மனவுறுதியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்? நண்பர் இல்லாத வேறொரு சோதகர் அன்று உட்கார்ந்திருந்தால்? ஊனம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு உடம்பில் இருக்கிறது, எவ்வளவு கருவியில் இருக்கிறது, எவ்வளவு சோதிக்கும் ஆளில் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

போர்

1940 பிப்ரவரியில் டக்ஸ்ஃபோர்டில் 19ஆம் ஸ்குவாட்ரன், பிறகு 222. பிரான்சின் டன்கர்க் கடற்கரைக்கு மேலே முதல் வெற்றி. ஜூனில் கோல்டிஷாலில் 242ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை. அதில் பெரும்பாலோர் கனடாக்காரர்கள். பிரான்சில் அடிவாங்கித் துவண்டுபோய் வந்தவர்கள். புதிய தலைவர் நொண்டியபடி உள்ளே வருகிறார், யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் ஒரு ஹரிகேனில் ஏறி, அவர்கள் தலைக்கு மேலேயே அரை மணி நேரம் வித்தை காட்டுகிறார். படத்தில் ரசித்துப் பார்க்கக்கூடிய இடம். அதற்கு அடுத்தபடியாக அவர் செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். விமானிகள் தயார், கருவிகளும் உதிரிபாகங்களும் இல்லாததால் ஸ்குவாட்ரன் தயாராக இல்லை என்று மேலிடத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டார். பொருட்கள் வந்தன.

அப்புறம், 1940இல் ஜெர்மன் விமானப்படை பிரிட்டனைத் தாக்கிய ‘பிரிட்டன் போரில்’ எழுந்த ‘பெரும் அணி’ விவகாரம். இதில் படத்தை நம்பக் கூடாது. தென்கிழக்கைக் காத்த 11ஆம் குரூப்பின் தலைவர் கீத் பார்க், ராடார் எச்சரிக்கை வந்ததும் ஒன்றிரண்டு ஸ்குவாட்ரன்களாக உடனே அனுப்பிக்கொண்டிருந்தார். எதிரி குண்டு போடுவதற்கு முன் எட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. வடக்கே 12ஆம் குரூப்பின் லீ-மாலரியும் பேடரும், மூன்று முதல் ஐந்து ஸ்குவாட்ரன்களைச் சேர்த்து மொத்தமாக மோத வேண்டும் என்றார்கள். சேர்ந்து கிளம்ப நேரம் பிடித்தது. பல தடவை குண்டு விழுந்த பிறகே போய்ச் சேர்ந்தார்கள். வீழ்த்தியதாகச் சொன்ன எண்ணிக்கையும் பெருத்துக்கொண்டே போனது. 1940 செப்டம்பர் 15 அன்று விமானப்படை மொத்தமாக 185 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜெர்மன் ஆவணங்களின்படி இழப்பு அறுபதை ஒட்டித்தான் இருந்தது. நிறையப் பேர் ஒரே இடத்தில் சண்டையிட்டால் ஒரே விமானத்தைப் பலரும் தன் கணக்கில் எழுதுவது இயல்பு. அக்டோபர் 17 அன்று விமான அமைச்சகத்தில் நடந்த உயர்மட்டக் கூட்டத்தில் வெறும் ஸ்குவாட்ரன் தலைவரான பேடரையும் உட்காரவைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கீத் பார்க்கும், அவருடைய தலைவர் டவ்டிங்கும் பதவியிலிருந்து நகர்த்தப்பட்டார்கள். போரை வென்று கொடுத்தவர்களுக்கு நடந்த அநியாயம் இது. படத்தில் பெரும் அணி புத்திசாலித்தனமான யோசனையாக மட்டுமே வந்துபோகிறது.

1941 ஆகஸ்ட் 9 அன்று, டாங்மியர் அணியின் தலைவராக பிரான்சுக்கு மேலே பறந்தபோது பேடர் வீழ்ந்தார். எதிரி விமானத்தோடு மோதியதாகவே அவர் நம்பினார், படமும் அப்படியே காட்டுகிறது. பிரிட்டிஷ் தரப்பு விமானியே தவறுதலாகச் சுட்டிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். குதிக்கும்போது வலது கால் விமானத்துக்குள் சிக்கிக்கொண்டது. வார் அறுந்ததால் கால் உள்ளேயே போக, ஆள் பாராசூட்டில் தப்பினார். சொந்தக் காலாக இருந்திருந்தால் அன்றே செத்திருப்பார். ஜெர்மன் விமானி அடால்ஃப் காலண்ட் அவரை மரியாதையோடு நடத்தினார். மாற்றுக் கால் கொண்டுவர பிரிட்டிஷ் விமானத்துக்கு ஜெர்மானியர் வழிவிட முன்வந்தார்கள். ஆகஸ்ட் 19 அன்று ஒரு பிளெனிம் விமானம் காலைப் பாராசூட்டில் போட்டது. தனியாக வராமல் குண்டுவீச்சுப் படையோடு சேர்ந்தே வந்து போட்டது.

அதற்குள் பேடர் பிரான்சின் சேந்தோமேர் மருத்துவமனை ஜன்னலிலிருந்து படுக்கைவிரிப்புகளை முடிந்து இறங்கி ஓடிவிட்டுப் பிடிபட்டிருந்தார். அவரை ஒளித்துவைத்த பிரெஞ்சுத் தம்பதியும், உதவிய மருத்துவமனைப் பெண்ணும் கைதாகி ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பேடரோ பல போர்க்கைதி முகாம்கள் மாறி, கடைசியில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்குப் போனார். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து விடுவித்தது.

படத்தில் இல்லாத பேடர்

கோல்டிட்ஸில் அவருக்குப் பணிவிடை செய்ய ஒரு மருத்துவ உதவியாளர் இருந்தார், அவரும் போர்க்கைதிதான். குளிக்க வேண்டுமானால் பேடரை முதுகில் தூக்கிப் படியில் ஏற்றி இறக்குவார். 1943இல் அந்த உதவியாளரை நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடானது. இவன் எனக்கு வேலைக்காரனாக வந்தவன், அப்படியே இருப்பான் என்று பேடர் தடுத்துவிட்டதாக அந்த உதவியாளரே பின்னாளில் சொன்னார். இன்னும் இரண்டு ஆண்டுகள் அவர் அங்கேயே கிடந்தார். விடுதலைக்குப் பிறகு பேடரிடமிருந்து ஒரு நன்றி வார்த்தையும் வரவில்லை என்பது, தூக்கிச் சுமந்த அந்த உதவியாளரின் மனக்குறை. யார் தயவும் இல்லாமல் நின்றார் என்ற கதைக்குள் இந்த ஆளை வைக்க இடம் இருந்திருக்காது. எனக்கோ படத்தில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய மனிதர் இவர்தான் என்று படுகிறது.

பேடரின் வாய் மோசமானது என்று கூடப் பறந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் வருவதோ கென்னத் மோரின் கலகலப்பான, எல்லாருக்கும் பிடித்த மனிதர். பாத்திரத்துக்கு முதலில் யோசிக்கப்பட்டவர் ரிச்சர்ட் பர்ட்டன். அவர் வந்திருந்தால் அந்தக் கடுமை கொஞ்சம் தெரிந்திருக்கும். காலப்போக்கில் மக்கள் மனதில் தான் கென்னத் மோராகவே ஆகிவிட்டதாக பேடரும் சொன்னார். மூலப் புத்தகத்தை எழுதிய ஆஸ்திரேலியர் பால் பிரிக்ஹிலோடு பணப்பங்கு விஷயத்தில் மனத்தாங்கல் ஏற்பட்டது. பல நண்பர்களை ஒன்றாக்கிக் கற்பனைப் பாத்திரமாக்கியதிலும் அவருக்கு வருத்தம். 1956 ஜூலையில் நடந்த முதல் காட்சிக்கு அவர் போகவில்லை. காலவரிசையையும் ஆட்களையும் மாற்றியதற்குத் தயாரிப்பாளர்கள் படத்தின் தொடக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இந்த மாதிரிக் கதை என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் சோவியத் விமானி அலெக்ஸி மரேசியேவ். ‘உண்மை மனிதனின் கதை’ நம் ஊர் நூலகங்களில் கைமாறிக் கைமாறித் தேய்ந்த புத்தகம். 1942 ஏப்ரலில் விழுந்து, 18 நாள் பனிக்காட்டில் ஊர்ந்து, இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்து, 1943 கோடையில் கூர்ஸ்க் போரில் மறுபடி பறந்தவர். அவரை 1948இலேயே சோவியத்தில் படமாக்கிவிட்டார்கள். அங்கேயும் திரும்பிவர முடிந்ததற்கு விமானிகளின் தேவை ஒரு காரணம். கட்சி பார்த்துக்கொண்டது என்று அதைப் பெருமையாகவே சொன்னார்கள். பிரிட்டிஷ் படம் அந்தப் பெருமை முழுவதையும் தனிமனிதன் கையில் கொடுத்துவிடுகிறது. இரண்டுமே பாதிக் கதை.

இதில் பேடர் முன்னுதாரணமானார் என்பதை மறக்கக் கூடாது. 1939இல் பயிற்சியின்போது நடுவானில் மோதி இரு கால்களையும் இழந்த காலின் ஹாட்ஜ்கின்சன், பிறகு ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். கடலில் விழுந்தால் மிதக்கட்டும் என்று உலோகக் கால்களுக்குள் பிங்பாங் பந்துகளை அடைத்துக்கொண்டு பறந்தவர் அவர். உயரத்தில் அவை வெடித்தபோது யாரோ சுடுகிறார்கள் என்று நினைத்தாராம். அவர் விண்ணப்பித்தபோது, விதியில் இடமில்லை என்ற பதிலை யாரும் சொல்ல முடியாமல் போயிருந்தது.

படம் 1945 செப்டம்பர் 15 அன்று முடிகிறது. பிரிட்டன் போரின் நினைவாக லண்டன் மேலே பறந்த 300 விமானங்களுக்கு பேடர் தலைமை ஏற்கிறார். அடுத்த ஆண்டு விமானப்படையை விட்டு ஷெல்லுக்கே திரும்பினார். அவர்கள் கொடுத்த விமானத்தில் நாடு நாடாகப் பறந்தார். போன இடத்தில் எல்லாம் கைகால் இழந்தவர்களை மருத்துவமனையில் போய்ப் பார்த்தார், முக்கியமாகக் குழந்தைகளை. ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சிக்கு ஆதரவாகப் பேசியதும் இதே மனிதர்தான். 1976இல் அவருக்குக் கிடைத்த சர் பட்டம் போருக்காகக் கொடுத்ததல்ல, மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்த பணிக்காகக் கொடுத்தது. 1982இல் 72 வயதில் இறந்தார். போர் முடிந்த பிறகான அந்த முப்பத்தேழு ஆண்டுகளை, அந்த மருத்துவமனைக் கட்டில்களை, பக்கத்தில் உட்கார்ந்து தன் கால்சட்டையைத் தூக்கிக் காட்டும் அந்த வாய்க்கொழுப்புக்கார மனிதரை யாராவது படமாக எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.